மாரிஸ் வில்க்ஸ்: துணிக்கூரை போட்ட பொறியாளர்

மாணவர்களே, கேமரன் மலைக்கு வந்திருப்பவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து போகும் பாதையில் பெட்டிபோல ஒரு பழைய லேண்ட் ரோவர் முனகிக்கொண்டு ஏறும். கொழுந்து மூட்டை, உரம், கோபிஸ் கூடை, சில நாளில் பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாமே அதில்தான். இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். தோட்டத்து லயத்தில் பிறந்து, எஸ்பிஎம் முடித்ததும் பட்டறைக்கு வந்தவன் நான். என்னிடம் இளைஞர்கள் அதிகம் கேட்பது ஒன்றுதான்: கேன்வாஸை எடுத்துவிட்டு இரும்பு, அலுமினியம் என்று கெட்டியான கூரை போட்டுவிடலாமா? இதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் மாரிஸ் வில்க்ஸ் என்ற மனிதரை அறிந்தேன்.

வில்க்ஸ் 1904-இல் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பிறந்தார். இளவயதில் அமெரிக்காவுக்குப் போய் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். திரும்பி வந்து ஹில்மேன் நிறுவனத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1930-இல் ரோவர் நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய அண்ணன் ஸ்பென்சரும் அங்கேதான் இருந்தார். அண்ணன் நிர்வாகம், தம்பி பொறியியல்.

போர் வந்தது. பிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் இயந்திரத்தைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு ரோவரிடம் வந்தது. இங்கேதான் அவர் வாழ்க்கையின் கசப்பான பகுதி. விட்டிலின் வடிவமைப்பை வில்க்ஸ் தன் விருப்பப்படி மாற்றினார்; விட்டிலுக்குத் தெரியாமல் வேறொரு வடிவத்தையும் தம் ஆட்களைக் கொண்டு உருவாக்கினார். இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1943-இல் ஜெட் வேலை ரோல்ஸ்ராய்ஸுக்குப் போனது. பதிலுக்கு ரோவருக்கு டாங்கி இயந்திர வேலை கிடைத்தது. பொறியியல் கண்ணோடு பார்த்தால் வில்க்ஸின் மாற்று வடிவம் நன்றாகவே இருந்தது. ஆனால் கண்டுபிடித்தவரிடம் மறைத்துச் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

போர் முடிந்தபோது ரோவரின் கவன்ட்ரி ஆலை குண்டுவீச்சில் சேதமாகி, நிறுவனம் சோலிஹல் நகருக்கு இடம் மாறியிருந்தது. எஃகு பங்கீட்டில் கிடைத்த காலம் அது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. ரோவரின் சொகுசுக் கார்களோ பெரும்பாலும் உள்நாட்டில் விற்றவை. வாசலில் வேலையாட்கள் நிற்கிறார்கள், உள்ளே எஃகு இல்லை.

வில்க்ஸுக்கு வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே ராணுவம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது கெட்டுப்போனால் வேறு என்ன வாங்குவது என்ற பேச்சில்தான் யோசனை பிறந்தது. 1947-இல் ரெட் வார்ப் விரிகுடாவின் கடற்கரை மணலில் அண்ணனுக்கு வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கும் கதை. மணல் படம் அலையோடு போயிருக்கும். வண்டி மட்டும் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்து நின்றது.

எஃகு இல்லாததால் உடற்பகுதிக்கு பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். வளைவுகளை அச்சடிக்கும் இயந்திரங்களுக்குச் செலவழிக்க மனமில்லாமல் தகடுகளைத் தட்டையாகவே விட்டார்கள். கதவின் மேல்பாதியும் கூரையும்கூடத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ரோவர் இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் நினைத்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அவர்களின் கார்களைவிட இதுவே அதிகம் விற்றது.

கூரையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 1948-இல் டிக்போர்ட் நிறுவனம் மரச்சட்டத்தில் தகடு அடித்து, கெட்டியான கூரையும் ஜன்னலும் இருக்கையும் வைத்து ஒரு வகையைச் செய்து கொடுத்தது. அழகான வண்டிதான். ஆனால் பிரிட்டிஷ் வரித்துறை அதைப் பண்ணை வண்டியாக ஏற்காமல் கார் என்று சொல்லி விற்பனை வரி போட்டது. விலை ஏறியது; 700கூட விற்கவில்லை. துணிக்கூரை போட்டதற்கு அந்த வரி இல்லை!

சரி, நம் மலைக்கு எது பொருந்தும்? மேலே எடை கூடக்கூட வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும். சாய்வான மண் பாதையில் கவிழும் ஆபத்தும் கூடும். கேன்வாஸ் இலேசானது. கழற்றி மடித்தால் உயரமான கூடைகளை அடுக்கலாம். ஆனால் எங்கள் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், தையலில் ஒழுகும், கத்தியால் கிழித்துப் பொருளைத் திருடலாம். கெட்டிக் கூரையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் குளிர்ந்த விடியலில் மூச்சுக்காற்று உள்பக்கம் நீர்த்துளியாகச் சேர்ந்து தலையில் சொட்டும். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒட்டியிருக்கும் இடத்தில் மின்வேதி அரிப்பு வேறு. வேதியியல் பாடத்தில் படிக்கிறீர்களே, அதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பழைய லேண்ட் ரோவரின் கதவோரத்தைச் சுரண்டினால் போதும். மூட்டை ஏற்றும் வண்டிக்கு கேன்வாஸ், பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்குக் கெட்டிக் கூரை என்பதுதான் நான் கொடுக்கும் பதில்.

விலை உயர்ந்த திறந்த கார்களிலும் இதே சண்டைதான். 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே பொத்தானை அழுத்தினால் மடியும் உலோகக் கூரையோடு வந்தபோது, துணியின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பிஎம்டபிள்யூ இசட்4 காரும் 2009-இல் உலோகத்துக்கு மாறியது. 2018-இல் துணிக்கே திரும்பிவிட்டது. மடிந்த உலோகம் பின்பெட்டியின் இடத்தை விழுங்குகிறது, எடையும் கூடுகிறது.

வில்க்ஸும் ஒரு வேகமான திறந்த காரைச் செய்தார். விட்டிலோடு பிணங்கிய அதே விசைச்சுழலி ஆசை அவரை விடவில்லை. 1950-இல் ரோவர் காட்டிய ஜெட்1 உலகின் முதல் விசைச்சுழலிக் கார். கூரையே இல்லாத இரண்டு இருக்கைக் கார். 1952-இல் பெல்ஜியத்தில் அது மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டியது. எரிபொருளை அளவில்லாமல் குடித்ததால் விற்பனைக்கு வரவில்லை. இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1962-இல் ரோவரின் தலைவரானார். அடுத்த ஆண்டே, 59 வயதில், அதே ஆங்கிள்சி தீவில் காலமானார். அவர் வரைந்த வண்டியின் வம்சம் மேலும் 50 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 20 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள். கடைசி டிபெண்டர் 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையிலிருந்து வெளியே வந்தது. அதற்கும் துணிக்கூரைதான். கூரையின் கயிற்றை இழுத்துக் கட்டும் ஒரு சிறிய கொக்கி அதில் இருந்தது. 1948-இல் இருந்து துணிக்கூரை வண்டிகளில் பொருத்திவந்த அதே பாகம்.