திரையை விலக்கியவர்: மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி



புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குடுமியான்மலை. அங்குள்ள குடைவரைக் கோயிலின் பக்கத்துப் பாறையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஊர்க் கோயில் வளாகத்தில் உள்ள அம்மன் சந்நிதியைக் கட்டியவர் உமையாள்வி நாச்சி என்னும் தேவரடியார் குலப் பெண்மணி என்று கல்வெட்டு கூறுகிறது. இசையும் நடனமும் கற்ற ஒரு பெண், தன் சொந்தப் பொருளால் கோயில் எழுப்பும் அளவுக்கு மதிப்போடு வாழ்ந்த காலம் ஒன்று இம்மண்ணில் இருந்தது.

காலம் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே குலத்துப் பெண்களைச் சமூகம் இழிவாகப் பார்த்தது. அவர்களின் கலையைச் சுவைத்தவர்களே அவர்களின் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்வதை விரும்பவில்லை. இன்று குடுமியான்மலையிலேயே ஒரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நம் மகள்கள் தயக்கமின்றி அங்கே விண்ணப்பிக்கின்றனர். இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. அதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவரான புதுக்கோட்டை மண்ணின் மகளை இன்று நினைவுகூர்வோம்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். இந்த மணத்தினால் தந்தையின் உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்தனர். ஆகவே ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று முத்துலட்சுமி பிறந்த வீட்டிலேயே அறிந்திருந்தார்.

பருவம் எய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மகள் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்பு மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒரு கேள்வி. அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்பது மற்றொரு கேள்வி. முடிவில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு, அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டார், உதவித்தொகையும் வழங்கினார்.

கல்லூரியின் கதவு திறந்தது. ஆனால் வகுப்பறையில் மாணவர்களுக்கும் முத்துலட்சுமிக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. அனுமதி கொடுத்தாயிற்று, இடம் கொடுக்க மனம் வரவில்லை. இந்தத் திரையை நாம் மறந்துவிடலாகாது. ஒரு நிறுவனத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, அவரை நம்மில் ஒருவராக ஏற்றுக்கொள்வது வேறொன்று என்பதை அது காட்டுகிறது.

1907ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியரான கர்னல் ஜிஃபர்டு, பெண்களைத் தம் வகுப்பில் அனுமதிக்காதவராக இருந்தார். முத்துலட்சுமி அவரோடு வாதாடவில்லை. அறுவை மருத்துவத் தேர்வில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றார். அதன்பின் பேராசிரியர் தம் மனத்தை மாற்றிக்கொண்டு, தம் வகுப்பைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். 1912இல் முத்துலட்சுமி பட்டம் பெற்றார். சென்னை அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் உறைவிட மருத்துவராகப் பணியேற்ற முதல் பெண்மணி என்னும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திப்போம். ஆண் மாணவர் எவரும் அந்த வகுப்பில் அமர்வதற்குத் தம் தகுதியை முன்கூட்டியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. முத்துலட்சுமிக்கு மட்டும் அந்தச் சுமை இருந்தது. அவர் அதைச் சுமந்தார், வென்றார். சுமக்க இயலாமல் பாதியில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ, அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மாணவர்க்கு மட்டுமன்று, ஆசிரியர்க்கும் இந்நிலை இருந்தது. 1918இல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், ஆசிரியர்களுக்கான பானையில் தண்ணீர் குடிப்பதற்கு உடன் பணியாற்றிய சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அறிஞருக்கே அந்த நிலை. நாற்காலி கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை.

முத்துலட்சுமி 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் மணத்திற்கு இசைந்தார். பின்னர் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927இல் தேவதாசி முறையை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதற்கான முழுமையான சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இடையில் இந்தியக் கல்வியின் நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்து பெண்கல்விக்காகப் பணியாற்றினார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் மேலவைப் பதவியைத் துறந்தார்.

அவருடைய வாழ்வில் நம் உள்ளத்தை மிகவும் தொடும் நிகழ்ச்சி இனிமேல்தான் வருகிறது. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் அவருடைய உதவியை நாடினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு சென்னையிலிருந்த மாணவியர் விடுதிகளை அவர் கேட்டார். பிராமணப் பெண்களுக்கான விடுதியும் மறுத்தது, பிராமணர் அல்லாத பெண்களுக்கான விடுதியும் மறுத்தது. புதுக்கோட்டையில் தமக்கு எதிராக எழுந்த அதே மறுப்பு, கால் நூற்றாண்டுக்குப் பின்னும் மாறவில்லை என்பதைக் கண்டார். அச்சிறுமிகளைத் தம் சொந்த வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. எந்தக் குலம் என்று கேளாமல் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் தங்கள் சொந்தக் காலில் நிற்க அந்த இல்லம் வழிகாட்டியது. யாரைச் சமூகம் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியதோ, அவர்களே கற்பிக்கும் இடத்திற்கு வந்தனர்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்தில் நீங்காமல் இருந்தது. பல்லாண்டு முயற்சிக்குப்பின் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே பணிக்குச் சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்நிறுவனத்தோடு வாழ்ந்து அதை நாடறிந்த மருத்துவ நிலையமாக உயர்த்தினார். ஒரு தலைமுறைப் பெண் திறந்த கதவின் வழியே அடுத்த தலைமுறைப் பெண் நுழைந்து, தலைமை ஏற்றார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். தமிழக அரசு ஏழைக் கருவுற்ற தாய்மார்களுக்கு வழங்கும் நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே, நம் பங்குகளைச் சேர்ந்த பலர் இன்று கல்லூரிகளில் பேராசிரியர்களாக, அலுவலர்களாக, நூலகர்களாக, ஆய்வக உதவியாளர்களாக, துப்புரவுப் பணியாளர்களாக இருக்கிறார்கள். சிலர் நிர்வாகப் பொறுப்பிலும் இருக்கிறார்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கூறியது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டம் கதவைத் திறக்கும். திரையை விலக்குவது மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே நம்மையே ஆய்வு செய்து பார்ப்போம். புதிதாக வந்த ஆசிரியரிடம் அவருடைய ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதியை அறிய முயல்கிறோமா? ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறோமா? கைக்குழந்தையோடு பணிக்குத் திரும்பும் பெண்ணைச் சுமையாக எண்ணுகிறோமா? சக்கர நாற்காலியில் வருபவருக்கு மாடியில் வகுப்பு ஒதுக்கிவிட்டு, விதி அப்படி என்கிறோமா? ஆசிரியர் அறையில் எல்லாரும் சேர்ந்து உண்ணும்போது, வாசலைப் பெருக்கும் அம்மா எங்கே அமர்ந்து உண்கிறார் என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறோமா?

புதுக்கோட்டைக் கல்லூரியில் தொங்கிய அந்தத் திரை துணியால் ஆனது, கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய திரைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். நாம் பணிபுரியும் இடத்தில் அப்படி அமர்ந்திருப்பவர் யார் என்று இந்த வாரம் தேடிப் பார்ப்போம். அவர் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வோம்.