ரொட்டிக்கடைப் பையனும் வேதம் படித்த பிரபுவும்

1866-67 குளிர்காலம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மழையில் நனைந்த பத்து வயதுப் பையன் ஒருவன் தன் முதலாளியின் அறை வாசலில் நிற்கிறான். முதலாளி ரொட்டிக்கடைக்காரர், ஊரறிந்த பக்திமான். உள்ளே குடும்ப ஜெபம் நடக்கிறது. முடியும்வரை பையன் காத்திருக்க வேண்டும்!

ஜெபம் முடிந்தது. கதவு திறந்தது. மேஜை நிறையக் காலை உணவு. பையனோ வெறும் வயிற்றோடு வந்தவன். இரண்டாம் முறையாகத் தாமதித்தவனுக்கு இனி வேலை இல்லை, அந்த வாரக் கூலியும் அபராதம் என்று தீர்ப்பளித்தார் முதலாளி. தகப்பனுக்கு வேலையில்லை, தாய் கர்ப்பிணி, சாகக் கிடந்த தம்பியருகே இரவெல்லாம் விழித்திருந்ததால் வந்த தாமதம் அது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே கூலியும் அன்றோடு போயிற்று.

பிற்காலத்தில் இதை எழுதிவைத்த அந்தப் பையன்தான் கெயிர் ஹார்டி. வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மகனாக 1856இல் பிறந்தவர். ரொட்டிக்கடை போனபின் நிலக்கரிச் சுரங்கம். இருட்டில் உட்கார்ந்து காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலை. பள்ளிக்கூடம் ஏது? தாய் எழுத்துக் கற்பித்தாள். சுருக்கெழுத்தைச் சுரங்கத்துக்குள்ளேயே கற்றார். தொழிலாளரைத் திரட்டினார், சுரங்க முதலாளிகள் கதவடைத்தார்கள்.

பெற்றோர் மதத்தைக் கைவிட்டவர்கள். ரொட்டிக்கடைக்காரரின் பக்தியைக் கண்ட மகனும் அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. இருபது வயதுக்குமேல் தாமாகவே கிறிஸ்தவ சபையில் சேர்ந்து பிரசங்கமும் செய்தார். வேதாகமத்தை முதலாளிகள் கையிலேயே விட்டுவைக்க அவருக்கு மனமில்லை போலும்!

உழைக்காதவனுக்குச் சோறில்லை என்ற கருத்தைத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். வேலையற்ற ஏழையைச் சோம்பேறி என்று ஏச அந்த வசனம் எத்தனை முறை பயன்பட்டது! எழுதிய பவுலோ கூடாரம் செய்து பிழைத்த கைத்தொழிலாளி. அதே புத்தகத்தில், அறுவடைக்காரரின் கூலியைப் பிடித்துக்கொண்ட செல்வரை யாக்கோபு சுடச்சுடக் கண்டிக்கிறார். அந்தப் பக்கம் மட்டும் கனவான்களின் கண்ணில் படுவதே இல்லை.

1892இல் ஹார்டி பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். பட்டுத் தொப்பிகளுக்கு நடுவே தொழிலாளி உடுப்பு. வேலையற்றோருக்காக ஓயாமல் பேசியதால் அவர்களுடைய அங்கத்தினர் என்றே பெயர் பெற்றார். 1893இல் சுயேச்சைத் தொழிற் கட்சி பிறந்தது. 1895இல் தோற்றார், 1900இல் மெர்தர் டிட்வில் தொகுதியில் மீண்டும் வென்றார்.

இடையில், 1899இல், நடந்ததைக் கேளுங்கள். கிளாஸ்கோவை அடுத்த ரூதர்கிளெனில் குரோமிய ரசாயன ஆலை. அதன் அதிபர் ஓவர்டவுன் பிரபு. சபைகளுக்கு வாரி வழங்கியவர், ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்பவர். அவர் ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாளும் வேலை, மணிக்கு மூன்று நான்கு பென்ஸ், சாப்பாட்டுக்கு இடைவேளைகூடக் கிடையாது என்று ஹார்டி வெளியிட்டார். ரசாயனப் புழுதி தொழிலாளரின் மூக்கு நடுத்தண்டை அரித்து ஓட்டை போட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரபு கோயிலில். அவர் ஆட்கள் உலையருகே!

வெள்ளை அடிமைகள் என்று தம் பிரசுரத்துக்குப் பெயரிட்டார் ஹார்டி. பிரபுவின் குடும்பப் பெயர் ஒயிட், அதாவது வெள்ளை. நல்ல சிலேடை! பாதிரிமார் பலர் பதறினார்கள். அவர்களுடைய கோபம் பெரும்பாலும் ஹார்டிமீதே பாய்ந்தது. காணிக்கை தந்த கை அல்லவா? ஆனாலும் பிரசுரங்கள் பரவின. பெயர் நாறிய பிறகு பிரபு ஆலையில் சில சீர்திருத்தங்களைச் செய்தார்.

1914இல் போர் மூண்டபோது ஹார்டி எதிர்த்தார்; சொந்தத் தொகுதி மக்களே கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. மனமுடைந்து, 1915 செப்டம்பர் 26இல் கிளாஸ்கோவில் இறந்தார். பிரபுவின் ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. அது கொட்டிவிட்டுப் போன குரோமியக் கழிவு மட்டும் மண்ணுக்குள் கிடந்தது. 2021இல்கூட அப்பகுதியின் பொல்மாடி ஓடை பளீரென்று பச்சையாக ஓடியது.