போன் லைன்ல கேம் அனுப்பின மனுஷன்

நேத்து ராத்திரி ஒரு கேமுக்கு 40 ஜிபி அப்டேட் போட்டுட்டு, ஹாஸ்டல் வைஃபையைத் திட்டிக்கிட்டே தூங்கிப் போயிருப்பீங்க. இல்லைன்னா காசு கொடுத்து ஒரு டிஎல்சி வாங்கிட்டு, இதுக்கா இவ்வளவு விலைன்னு புலம்பியிருப்பீங்க. வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே கேமை வயர் வழியா வாங்குறது இன்னைக்கு நமக்குச் சாதாரணம். 1983-லேயே ஒருத்தர் இதை வியாபாரமா ஆரம்பிச்சு, அதுல மொத்தமா கவிழ்ந்தும் போனார். அவர் பேர் வில்லியம் வான் மைஸ்டர். எல்லோரும் பில்னு கூப்பிடுவாங்க. ஏஓஎல் என்ற கம்பெனியோட வரலாற்றைப் படிச்சிருந்தா முதல் அத்தியாயத்திலேயே அவர் பேர் வந்திருக்கும். ரெண்டாவது அத்தியாயத்தில் இருக்காது.

அவர் பிறந்தது 1942-ல், நியூயார்க்கில். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய குடும்பத்துக்காரர், செப்பலின் ஆகாயக் கப்பல் கம்பெனிக்கு அமெரிக்காவில் பிரதிநிதியா இருந்தவர். 1937-ல் ஹிண்டன்பர்க் தீப்பிடிச்சு விழுந்ததே, அதே கம்பெனிதான். பெரிய கனவு, பெரிய பலூன், பெரிய நெருப்பு. பையனோட கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகும்.

பில் பணக்கார வீட்டுப் பிள்ளை. நல்ல ஒயின், வேகமான கார்னு செலவு செய்யறதுல அவருக்குத் தயக்கமே கிடையாது. அடுத்தவங்க போட்ட முதலீடா இருந்தாலும் அப்படித்தான். இதை மறைச்சு அவரை ஒரு பாவப்பட்ட மேதை மாதிரி எழுதினா அது பொய்யாயிடும். ஆனா ஒரு விஷயத்துல அவருக்கு அபாரக் கண்ணு இருந்தது. ஏற்கனவே போட்டு வெச்சிருக்கிற ஒரு லைன் எப்போ சும்மா கிடக்குது, அதுல என்ன ஓட்டலாம்னு பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவார். டிடிஎக்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். வெளியூர் போன் காலை எந்த வழியா அனுப்பினா குறைஞ்ச செலவாகும்னு கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும். அது கடைசியில் கேபிள் அண்ட் வயர்லெஸ் கைக்குப் போனது.

அடுத்தது தி சோர்ஸ், 1979-ல் தொடங்கினது. பகல்ல ஆபீஸ்கள் வாடகைக்கு எடுக்கிற பெரிய கம்ப்யூட்டர்கள் ராத்திரியில் சும்மா இருக்கு. வீட்டுக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க போன் போட்டு அதுல நுழைஞ்சு செய்தி படிக்கலாம், மெயில் அனுப்பலாம். வெப் வர்றதுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடி! ஆனா பணம் போட்ட ஜாக் டாபுக்கும் இவருக்கும் ஒத்துப்போகலை. பில்லை வெளியே தள்ளினாங்க, வழக்கு நடந்தது, பணம் கொடுத்து முடிச்சாங்க. 1980-ல் தி சோர்ஸை ரீடர்ஸ் டைஜஸ்ட் வாங்கிக்கிட்டது. இந்தப் பேட்டர்னை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி வரும்.

வழக்கில் வந்த பணத்தோட அவர் போனது பாட்டுப் பக்கம். ஹோம் மியூசிக் ஸ்டோர்னு ஒரு திட்டம். பாட்டை சாட்டிலைட்டில் அனுப்பி, கேபிள் டிவி வயர் வழியா வீட்டுக்குக் கொண்டு வந்து, நீங்களே டேப்ல பதிவு பண்ணிக்கலாம். வார்னர் ரெக்கார்ட் கம்பெனி முதல்ல ஆர்வம் காட்டினது. ரெக்கார்டு விக்கிற கடைக்காரங்க எதிர்ப்புக்குப் பயந்து அப்புறம் பின்வாங்கினது. பாட்டு போனா என்ன, வேற ஏதாவது அனுப்பலாம்னு பில் யோசிச்சார். அப்போ அமெரிக்க வீடுகள்ல எங்கே பார்த்தாலும் அடாரி 2600. அதை வித்த அடாரிக்கும் முதலாளி அதே வார்னர்தான்.

இப்படிப் பிறந்ததுதான் கேம்லைன். கம்பெனி பேர் கண்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷன், இடம் வெர்ஜீனியா. கேமை வயர்ல அனுப்பின முதல் ஆள் இவர்தான்னு சொல்ல முடியாது. மேட்டல் கம்பெனியோட இன்டெலிவிஷனுக்கு, கேபிள் டிவி வழியா கேம் தர்ற பிளேகேபிள் ஏற்கனவே இருந்தது. ஆனா அதுக்கு உங்க ஊர் கேபிள்காரர் மனசு வைக்கணும். போன் எல்லார் வீட்டுலயும் இருந்தது.

ஈசிஇ, சிஎஸ்இ மக்களே, இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. அடாரி 2600-ல் மொத்த ராம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். இந்த ஒரு வாக்கியத்தைக்கூட யூனிகோடுல அதுக்குள்ள வைக்க முடியாது. கேம் முழுக்க கேட்ரிட்ஜ் ரோம்லேயே (ROM) இருக்கும், சாதாரணமா 4 கேபி. மெஷினுக்குள்ள இடமே இல்லாதப்போ டவுன்லோடு பண்ணின கேமை எங்கே வைப்பீங்க? அதனால இடத்தை கேட்ரிட்ஜுக்குள்ளேயே வெச்சாங்க. மாஸ்டர் மாட்யூல்னு பேர். சாதாரண கேட்ரிட்ஜைவிடப் பெரிசு, உள்ளே ஒரு மோடமும் தனி மெமரியும் இருக்கும், பக்கத்துல போன் வயர் மாட்ட ஓட்டை. வந்த கேம் அந்த மெமரியில் உட்காரும். அடாரியைப் பொறுத்தவரை யாரோ ஒரு கேட்ரிட்ஜைச் செருகியிருக்காங்க, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அந்த ஸ்லாட் படிக்கிறதுக்காக மட்டும் வடிவமைச்சது. ரீட்-ரைட் லைனே வெளியே வராது. அதனால கேட்ரிட்ஜுக்குள்ள மெமரி வெச்சவங்க எல்லாரும் அட்ரஸ் லைனையே வளைச்சுதான் எழுத வெச்சாங்க. படிக்க ஒரு அட்ரஸ், எழுத வேற அட்ரஸ். மைக்ரோபிராசசர் லேப்ல நாம பண்ணினதை நினைச்சா எனக்கு வெட்கமா இருக்கு.

மோடம் வேகம் 1200 பிட்ஸ் பெர் செகண்ட். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட்னு வெச்சுக்கோங்க. 4096-ஐ 10-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தா 34 செகண்ட் சொச்சம். அதாவது இன்னைக்கு நாம கேம் இறக்குறதைவிட வேகமா அன்னைக்கு ஒரு கேம் இறங்கியிருக்கு!

மாட்யூல் விலை சுமார் 50 டாலர். உறுப்பினராக 15 டாலர். அப்புறம் ஒரு டாலர் அளவு கொடுத்தா ஒரு கேமை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆடலாம். பவரை ஆஃப் பண்ணினா கேம் காலி, மறுபடி வேணும்னா மறுபடி காசு. பிறந்தநாள் அன்னைக்குப் போட்டா டிவியில் பிக்சல் கேக் வந்து வாழ்த்துப் பாட்டு வாசிக்கும், அன்னைக்கு ஆட்டம் இலவசம். 1983-ல் ஒரு பத்து வயசுப் பையனுக்கு, டிவிப் பெட்டிக்குத் தன் பிறந்தநாள் தெரியும்னா எப்படி இருந்திருக்கும்! கேம் மட்டும் இல்லை. அதே மாட்யூல்ல செய்தி, மெயில், பங்குச் சந்தை விவரம்னு ஒவ்வொரு லைனா சேர்க்கத் திட்டம் இருந்தது. நாற்பது வருஷம் முன்னாடி ஒரு கேம் பெட்டியை ஆன்லைன் பெட்டியா மாத்தப் பார்த்திருக்கார்.

முதலீட்டாளர்கள் வந்தாங்க. க்ளைனர் பெர்கின்ஸ் மாதிரி பெரிய ஆளுங்க. ஹாம்ப்ரெக்ட் அண்ட் க்விஸ்ட்ல வேலை பார்த்த டான் கேஸ், பீட்சா ஹட்ல வேலை பார்த்த தன் தம்பியை பில்லுக்கு அறிமுகம் செஞ்சார். தம்பி பேர் ஸ்டீவ் கேஸ். ஏற்கனவே தி சோர்ஸைப் பயன்படுத்தி மயங்கிப் போயிருந்தவர். மார்க்கெட்டிங் பண்ண வந்து சேர்ந்தார்.

அப்புறம் விழுந்தது. 1982 டிசம்பர்ல அடாரி விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லைன்னு வார்னர் அறிவிச்சது, பங்கு சரிஞ்சது. 1983 முழுக்கக் கடைகள்ல விக்காத கேட்ரிட்ஜ் குவிஞ்சது. இ.டி. கேம் லாரியில் போய் நியூ மெக்சிகோவில் புதைஞ்சதும் அந்த வருஷம்தான். கேம்லைன் சந்தைக்கு வந்ததும் அதே வருஷம்.

பில்லைப் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் அவர் காலத்துக்கு முன்னாடி வந்துட்டார்னு முடிச்சுடுவாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. டெக்னாலஜி வேலை செஞ்சது, 34 செகண்ட் கணக்கை மேலே பார்த்தீங்க. கணக்கு தப்பினது விலையில். கேட்ரிட்ஜ் 30 டாலர் விக்கும்போது, ஒரு டாலருக்கு ஆடிப் பார்க்கலாம்னு சொன்னா அது லாபம். அதே கேட்ரிட்ஜ் கடை வாசல்ல கூடையில் 5 டாலருக்குக் கிடந்தா, எவன் 50 டாலர் மாட்யூல் வாங்குவான்? ரெண்டாவது, சரக்கு. அடாரி, ஆக்டிவிஷன், மேட்டல், கொலெகோ யாருமே தங்களோட கேமைத் தரலை. டீமன் அட்டாக் எடுத்த இமேஜிக் வந்தது, மத்தபடி பெரும்பாலும் சின்னக் கம்பெனிகள். பசங்க கேட்ட கேம் லிஸ்ட்ல இல்லை. நல்ல ஸ்ட்ரீமிங் ஆப் இருந்தும் நீங்க தேடுற படம் மட்டும் இல்லைன்னா எப்படி இருக்கும், அப்படி. இதை காலத்து மேல பழி போட முடியாது. லைசென்ஸ் கையில வர்றதுக்கு முன்னாடியே மாட்யூலைத் தயாரிச்சது அவரோட முடிவு.

கடன் ஏறிக்கிட்டே போச்சு. வியட்நாம்ல ராணுவ அதிகாரியா இருந்துட்டு வாஷிங்டன்ல பார் நடத்தின ஜிம் கிம்சியை, கம்பெனியைத் தூக்கி நிறுத்த முதலீட்டாளர்கள் அனுப்பினாங்க. கடன்காரங்களைச் சமாளிச்சார், ஆட்களைக் குறைச்சார். பில் வெளியே போனார். மறுபடி அதே பேட்டர்ன். மிச்சம் இருந்த சிலர், கிம்சி, ஸ்டீவ் கேஸ், இன்ஜினியர் மார்க் செரிஃப், 1985-ல் குவாண்டம்னு புதுக் கம்பெனி வெச்சு, அடாரியை விட்டுட்டு கமோடோர் 64-க்கு ஆன்லைன் சேவை தொடங்கினாங்க. அதுல லூகாஸ்ஃபில்ம் செஞ்ச ஹாபிடாட்னு ஒரு விளையாட்டு உலகம்கூட ஓடினது. 1991-ல் கம்பெனி பேரை அமெரிக்கா ஆன்லைன்னு மாத்தினாங்க. நமக்குத் தெரிஞ்ச ஏஓஎல்.

அந்தச் சமயத்துல பில் என்ன பண்ணினார்? இன்னும் சில கம்பெனி ஆரம்பிச்சார். எதுவும் பெரிசா நிக்கலை. 1994 கடைசியில் செகா சேனல் அமெரிக்காவில் கேபிள் வழியா கேம் அனுப்பத் தொடங்கினது. 1995 ஏப்ரல்ல நிண்டெண்டோ ஜப்பான்ல சாட்டிலைட் வழியா. அடுத்த மாசம், 1995 மே 18 அன்று, புற்றுநோயால் பில் வான் மைஸ்டர் இறந்தார். வயசு 53.

எக்ஸ்பாக்ஸ் லைவ் 2002-ல் வந்தது, ஸ்டீம் 2003-ல். 2006-ல் ஆப்லிவியன்ல குதிரைக்கு ஒரு கவசம் போட இரண்டரை டாலர் கேட்டப்போ உலகமே சிரிச்சது. பில் முழு கேமையே ஒரு டாலருக்குத் தர்றேன்னு சொன்னவர்.

வார்னர் விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. கடைக்காரங்களுக்குப் பயந்து அவரோட பாட்டுத் திட்டத்தைக் கைவிட்டாங்களே, அடாரி கேமைத் தர மாட்டேன்னாங்களே, அந்த வார்னர்தான் பின்னாடி டைம் கம்பெனியோட சேர்ந்து டைம் வார்னர் ஆனது. 2000 ஜனவரியில் அந்த டைம் வார்னரையே வாங்கப்போறதா ஏஓஎல் அறிவிச்சது. மேடையில் நின்னது ஸ்டீவ் கேஸ். பில் இறந்து அப்போ நாலரை வருஷம் ஆகியிருந்தது.