பள்ளியை விட்டு ஓடிய ஜி.டி. நாயுடு

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்த துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய். மணலில் விரலால் எழுதிப் பழகிய காலம் அது. அந்த மணலையே வாத்தியாரின் கண்ணில் வீசிவிட்டு ஓடிவிட்டார் என்று சொல்வார்கள். (நம் மாணவியர் இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) மூன்றாம் வகுப்புக்கு மேல் அவர் படிக்கவில்லை. மண்டு என்றுதான் ஊரார் எண்ணியிருப்பார்கள்.

பிறகு ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இல்லாமல் வண்டி எப்படி ஓடுகிறது? அந்த வியப்பு அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். வீட்டுப்பாடம் கொடுப்பாரும் இல்லை, பிரம்பெடுப்பாரும் இல்லை. பிள்ளை அதே பிள்ளைதான். அச்சம் இருந்த இடத்தில் ஆசை வந்திருந்தது, அவ்வளவே.

நம் ஊர்ச் சங்கதியையே பார்ப்போமே. ஓவர்லாக் மெஷினைச் சில நாளில் பழகிக்கொள்ளும் நம் அக்காமாரில் எத்தனை பேர், கணக்கு வகுப்பில் நடுங்கியவர்கள்! அவர்களுக்கு மூளை இல்லை என்று நாம் சொல்லிவிட முடியுமா?

நாயுடு நம் திருப்பூரிலும் பருத்தி ஆலை நடத்தினார். பின்னர் பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் கைப்பொருளை இழந்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் மீண்டும் தொடங்கினார். 1937இல் இந்தியாவிலேயே செய்த மின் மோட்டார் அவர் முயற்சியால் வெளிவந்தது.

பள்ளியை வெறுத்த அவரே 1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி அமையக் காரணமானார். கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த அதன் நினைவாகவே அவிநாசி சாலையில் ‘ஹோப் காலேஜ்’ நிறுத்தம் இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே போதும் என்றார் நாயுடு. சர்க்கார் ஒப்பவில்லை; அவர் விலகிக்கொண்டார். சர்க்கார் பக்கமும் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது; எல்லாப் பாடமும் அவசரத்தில் வந்துவிடாது. ஆனால் ஆர்வத்தோடு வரும் பிள்ளையை வருஷக்கணக்கில் உட்காரவைத்து அலுப்பூட்டக்கூடாது என்ற அவர் கவலையைத் தள்ளிவிட முடியவில்லை.

அக்கல்லூரியே பின்னர் தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் காலமானார்.