கண்ணுக்குள் ஓடும் மின்சாரம்: போரால் நாடு பெயர்ந்த ரக்னர் கிரனிட்

சீனி வருத்தம் விழித்திரையைத் தாக்கும்போது நோவு இருக்காது. கண் சிவக்காது, வீங்காது. பார்வை மங்கத் தொடங்கும்போது உள்ளே பாதிப்பு ஏற்கெனவே முற்றியிருக்கும். சுகாதாரச் செய்திகளுக்காக ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் கேட்கிறேன். கொழுந்துக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போன பிறகுதான் கண் கிளினிக்குக்குப் போயிருப்பார்கள்.

கைக்குள் அடங்கும் கருவியொன்று இன்று வெளிநாடுகளில் இந்தச் சோதனைக்குப் பயன்படுகிறது. கீழ் இமைக்கு அடியில் தோலில் ஓர் ஒட்டியை ஒட்டி, கருவியைக் கண்ணுக்கு நேரே பிடிப்பார்கள். உள்ளே வெளிச்சம் செக்கனுக்கு ஏறக்குறைய 30 தடவை மினுங்கும். ஒவ்வொரு மினுக்கத்துக்கும் விழித்திரை மிகச் சிறிய மின் அலையொன்றை எழுப்பும். அந்த அலை எவ்வளவு பெரியது, எத்தனை மில்லி செக்கன் கழித்து வந்தது என்பதைக் கருவி அளக்கும். ஊசி கிடையாது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும் இதற்குத் தேவைப்படுவதில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

அந்த அலையை எப்படி வாசிப்பது என்று வைத்திய உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் ரக்னர் கிரனிட். நான் அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியது இந்தக் கருவிக்காகத்தான். அவரது இடப்பெயர்வைப் பற்றி அறிந்த பிறகு, எங்கள் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தாமல் இருக்க முடியவில்லை.

சிறுபான்மை மொழிக்காரர்

கிரனிட் 1900 ஒக்டோபர் 30ஆம் திகதி பின்லாந்தின் ரீஹிமாகி பகுதியில் பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அவர் வீட்டில் பேசியது சுவீடிஷ் மொழி. அந்த மொழி பேசுவோர் நாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தார்கள். ஹெல்சிங்கியில் சுவீடிஷ் மொழிப் பாடசாலையிலேயே அவர் படித்தார்.

1917இல் பின்லாந்து சுதந்திரமடைந்தது. அடுத்த வருடமே உள்நாட்டுப் போர் வெடித்தது. கிரனிட் பதினேழு வயதில் அந்தப் போரில் பங்கெடுத்தார். அது முடிந்தபின் 1919இல் வந்த அரசியலமைப்பு, பின்னிஷ், சுவீடிஷ் இரண்டையும் தேசிய மொழிகளாக ஏற்றுக்கொண்டது. சுதந்திரமடைந்து எட்டு வருடங்களில் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட நாட்டில் வாழும் எங்களுக்கு, இந்த ஒரு வரியின் பெறுமதி தெரியும்.

மூன்று அலைகள்

மனதைப் பற்றிப் படிக்கத்தான் கிரனிட் முதலில் விரும்பினார். அதற்கு உடலை அறிய வேண்டும் என்று வைத்தியத்துக்கு மாறி, 1927இல் ஹெல்சிங்கியில் பட்டம் பெற்றார். பிறகு ஒக்ஸ்போர்டில் நரம்பியல் மேதை சார்ல்ஸ் ஷெரிங்டனிடமும், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் வேலை பழகினார்.

வெளிச்சம் பட்டதும் கண்ணின் மின்சாரம் மாறுகிறது என்பது அப்போது புதிய செய்தியல்ல. சுவீடனின் உப்சாலாவில் பிரித்தியோப் ஹோல்ம்கிரென் 1865இலேயே தவளையின் கண்ணில் அதைக் கண்டிருந்தார். ஆனால் அந்த மேடு பள்ளமான கோட்டுக்கு என்ன பொருள் என்பது தெளிவாகவில்லை.

அந்த முடிச்சைக் கிரனிட் 1933இல் அவிழ்த்தார். பூனையின் கண்ணிலிருந்து வரும் அலையைப் பதிவு செய்தபடி ஈதர் மயக்க மருந்தை மெல்ல மெல்லக் கூட்டினார். அலையின் பகுதிகள் ஒரே நேரத்தில் மறையவில்லை. ஒன்று முதலில் போனது, அடுத்தது பிறகு போனது, மூன்றாவது கடைசிவரை நின்றது. ஒரே அலைபோலத் தெரிந்தது உண்மையில் மூன்று அலைகளின் கூட்டு என்று அவர் காட்டினார். மறைந்த வரிசையிலேயே அவற்றுக்கு இலக்கமும் கொடுத்தார்.

அந்த மூன்றும் விழித்திரையின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து வருபவை என்பது பின்வந்த ஆய்வுகளில் தெளிவானது. வெளிச்சத்தை முதலில் வாங்கும் கலங்கள் ஒன்றைத் தருகின்றன. அவற்றிடமிருந்து செய்தியை வாங்கும் உள்ளடுக்கு இன்னொன்றைத் தருகிறது. எந்தப் பகுதி சிறுத்திருக்கிறது, எது தாமதிக்கிறது என்று பார்த்தால், கோளாறு எந்த அடுக்கில் என்று வைத்தியரால் சொல்ல முடியும். இன்றைய கைக்கருவியும் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது.

போரும் பிரஜாவுரிமையும்

கிரனிட் 1937இல் ஹெல்சிங்கியில் பேராசிரியரானார். 1939 நவம்பர் 30ஆம் திகதி சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கின. அடுத்த வருடம், தமது நாற்பதாவது வயதில், அவர் ஸ்டொக்ஹோமுக்குப் போனார். கரோலின்ஸ்கா நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. 1941இல் சுவீடன் பிரஜாவுரிமையும் கொடுத்தது.

போய்ச் சேர்ந்து ஒரு வருடம் அளவில் பிரஜாவுரிமை. நான் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். மலையகத் தமிழர் நூறு வருடங்களுக்கு மேல் உழைத்த மண்ணில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அந்தப் பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. இடையில் 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வவுனியா, கிளிநொச்சி பக்கம் குடியேறிய மலையகக் குடும்பங்கள் வன்னிப் போருக்குள்ளும் அகப்பட்டன. கிரனிட் பெரிய பேராசிரியர், எங்கள் சனம் கூலித் தொழிலாளர் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் லயன் அறைகளில் பிறந்த எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுகூடத்தின் கதவு வரைக்கும் போகவே வழியிருந்தது?

செல் துண்டும் விழித்திரையும்

கிரனிட்டின் வேலையை அடியொற்றி, ஸ்டொக்ஹோம் கண் வைத்தியர் கோஸ்டா கார்ப்பே இந்தச் சோதனையை நோயாளிகளிடம் கொண்டுபோனார். 1945இல் அதுபற்றிய ஆய்வை வெளியிட்டார். கண்ணுக்குள் இரும்புத் துண்டு தங்கியவர்களையும் அவர் சோதித்தார். அந்த இரும்பு மெல்லக் கரைந்து, மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்துக்கூட விழித்திரையை நஞ்சாக்கும். பார்வை நன்றாக இருக்கும்போதே மின் அலை குறையத் தொடங்கிவிடக்கூடும். துண்டை எடுப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்ய அந்த அளவு உதவும். செல் துண்டுகளை உடம்பில் சுமந்து வாழும் பலர் எங்கள் வாசகர்களிடையே இருப்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

வெண்படலம் மூடி உள்ளே பார்க்க முடியாத கண்ணிலும், பின்னால் விழித்திரை வேலை செய்கிறதா என்பதை இந்த அலை சொல்லும். பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களையும் அது பிடிக்கும். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இவை கூடுதலாக வருகின்றன. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை தடுக்கி விழுவது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

கடைசியில் ஊர்

1967இல் மருத்துவ நோபல் பரிசு கிரனிட்டுக்கும், அமெரிக்கர்களான ஹால்டன் ஹார்ட்லைன், ஜோர்ஜ் வால்ட் ஆகியோருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. போருக்குப் பிறகு கிரனிட் பின்லாந்திலும் ஒரு வீடு வைத்திருந்தார். 1991 மார்ச் 12ஆம் திகதி ஸ்டொக்ஹோமில், தொண்ணூறு வயதில் காலமானார். அவரையும் அதே வருடம் இறந்த அவரது மனைவியையும் அடக்கம் செய்தது பின்லாந்தின் கோர்ப்போ தீவில். ஐம்பது வருடம் வேறு நாட்டில் வாழ்ந்தவர், கடைசியில் பிறந்த நாட்டு மண்ணுக்கே போய்ச் சேர்ந்தார்.

தோட்டத்துக்கு எப்போது?

கிரனிட்டின் காலத்தில் இந்த அலையை அளக்க ஒரு முழு அறை வேண்டும். இன்று ஒரு கை போதும். கண் வைத்தியர் இல்லாத இடத்திலும் பயிற்சி பெற்ற தாதி ஒருவரால் சோதனையைச் செய்ய முடியும். விழித்திரையின் படத்தில் இரத்தக்கசிவு தெரிவதற்கு முன்பே சீனி வருத்தக்காரரின் அலை தாமதிக்கக்கூடும். கருவி நோயைக் குணப்படுத்தாது, கண் வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாகவும் ஆகாது. யாரை உடனே கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டும் என்று பிரித்துக் காட்டும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று திரும்பும் தொழிலாளிக்கு அந்தப் பிரிப்பே பெரிய உதவி.

கிளங்கன், நுவரெலியா வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்கும் தோட்ட டிஸ்பென்சரிகளுக்கும் இப்படியான கருவிகள் வரவேண்டும் என்று தொழிற்சங்கங்களும் மலையக எம்.பி.க்களும் கேட்கலாம். நாள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கண்ணுக்கும் ஒரு இடம் இருக்கலாம்.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்கள். கண்ணில் காயம்பட்டவர்கள் அந்தக் காயத்தின் கதையை, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், வைத்தியரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். இருட்டில் தடுமாறும் பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று ஏசாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.