பதவியே பெயரானவர்

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்றே தமிழுலகம் அவரை அறியும். இப்பெயரில் உள்ள இரு அடைகளும் பெற்றோர் தந்தவை அல்ல. மாயூரம் அவர் பிறந்த ஊரன்று. அலுவல் பார்த்த ஊர். முன்சீப் என்பது குடிப்பெயருமன்று, புலவர் தந்த பட்டமுமன்று. கச்சேரியில் அவர் வகித்த பதவி. அரசுப் பணியாளரைக் குறிக்கும் சொற்கள் எத்தனையோ தமிழில் வந்து வழங்கியிருப்பினும், ஓர் இலக்கியவாணரின் பெயரோடு இவ்வாறு பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்ட சொல் பிறிதொன்று உண்டோ என ஐயுறுகிறோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். ஆங்கிலமும் தமிழும் பயின்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் அமர்ந்தார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி கிட்டியது. டேனிஷ்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அவ்வூரை விலைக்கு வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம்.

அன்றைய கச்சேரியின் வாயிற்படியை மிதித்த குடியானவன் காதில் விழுந்த சொற்களைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். முன்சீப் அரபுச் சொல். நீதி வழங்குபவர் என்பது பொருள். அமீனா என்று மக்கள் அஞ்சிய பெயரும் அரபு மூலத்ததே. நம்பத்தக்கவன் என்னும் பொருளுடைய அச்சொல், வீட்டு வாசலில் ஜப்திக்கு வந்து நிற்பவனுக்கு உரியதானது சொற்களின் விளையாட்டு! தாசில்தார் தண்டல் செய்பவர், குமாஸ்தா நியமிக்கப்பட்டவர். சிரஸ்தார் என்பது பாரசீகத்திலிருந்து வந்தது. இவர்கள் அனைவருக்கும் பொதுப்பெயராய் நின்ற உத்தியோகஸ்தர் என்பது வடசொல். அம்மொழியில் உத்தியோகம் என்றால் முயற்சி. தமிழ்நாட்டில் அது சர்க்கார் சம்பளத்தைக் குறிக்கலாயிற்று. நவாபுகள் போனபின்னும், கும்பினியார் போனபின்னும் இச்சொற்கள் போகவில்லை. ஆள்வோர் மாறினர்; கச்சேரியின் பெயர்ப்பலகை மாறவில்லை.

இச்சொற்களின் நடுவே வாழ்ந்த வேதநாயகர் இவற்றின்மீது போர் தொடுக்கவில்லை. அவர் தனித்தமிழ்வாணர் அல்லர். வக்கீல், கோர்ட்டு, உத்தியோகஸ்தர் எல்லாம் அவர் உரைநடையில் தடையின்றி உலவுகின்றன. அவரை வருத்தியது வேறு. வழக்காடுவோனும் தமிழன்; சாட்சியும் தமிழன்; பல இடங்களில் நீதிபதியும் தமிழன். ஆயினும் நிலத்தையோ கடனையோ பற்றிய தீர்ப்பு எந்த நெறியில் அமைந்தது என்பதை இழந்தவனும் அறியான், பெற்றவனும் அறியான். உயர்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்தன. அதிகாரியின் பெயர் எம்மொழியில் இருந்தால் என்ன, அவர் சொன்னது விளங்கவில்லையே என்பதே அவர் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

அதற்கு அவர் செய்த தொண்டு பெரிது. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். நூற்பெயர் வடமொழி, உள்ளீடு எளிய மக்களுக்கு உரியது. அவருடைய புதினத்தைப் போற்றும் நாம் இந்நூலை மறந்தது முறையன்று. ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளை அலுவலுக்கிடையே தமிழில் தருவது எளிய செயலோ? சட்டத் தமிழுக்கு முன்மாதிரி ஏதும் போதிய அளவில் இல்லாத காலம் அது.

அதற்கு முன்பே, 1859இல், நீதிநூல் வெளிவந்திருந்தது. அதில் கைக்கூலியைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் உண்டு. முன்சீப் நாற்காலியில் அமர்ந்துகொண்டே கைக்கூலியைக் கண்டித்துப் பாடுதற்குத் துணிவு வேண்டும். தன் கை தூய்மையாக இருந்தாலன்றி அத்துணிவு வாராது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இவருக்கும் இருந்த நட்பு நம் கவிஞர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது. சைவ ஆதீனப் புலவர் ஒருவர் கிறித்துவ அதிகாரி ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கோவை பாடினார். மன்னரும் வள்ளல்களும் இருந்த இடத்தில் ஒரு முன்சீப்! அந்நூலுக்கு இட்ட பெயரோ குளத்துக் கோவை. பதவியை விட்டுப் பிறந்த ஊரைப் பிடித்துக்கொண்டார் மகாவித்துவான். மற்றையோர் அவ்வழி செல்லவில்லை.

1872இல் பதவியினின்று விலகினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கண்டு உருகி இவரைப் பாடினார் என்பர். 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும், 1879இல் தமிழின் முதற் புதினமான பிரதாப முதலியார் சரித்திரமும் வந்தன. தமிழர் நிறைந்த மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞரை அக்கதையில் நன்றாகவே எள்ளி நகையாடுகிறார். அலுவலில் இருந்தபோது மொழிபெயர்ப்பால் செய்ததை, ஓய்வில் நகைச்சுவையால் செய்தார் எனலாம். 1887இல் சுகுண சுந்தரி வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் மறைந்தார்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் நிறைவேறிற்று. தாசில்தார் வட்டாட்சியரானார்; கலெக்டர் மாவட்ட ஆட்சியரானார்; மாவட்ட முன்சீப்பைத் தமிழில் உரிமையியல் நீதிபதி என்று எழுதலாயினர். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத வழிசெய்யும் திருத்தம் 1976இல்தான் வந்தது. சித்தாந்த சங்கிரகம் வெளிவந்து நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. பரம்பரைக் கிராம முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அப்பதவி வேறு, வேதநாயகர் வகித்த நீதிப்பதவி வேறு. இளைஞர் சிலர் இரண்டையும் மயங்குவதால் இதைக் குறிக்கிறோம். 1982இல் மாயூரம் என்னும் பெயரும் நீங்கி, ஊர் மயிலாடுதுறை ஆயிற்று. அவருடைய பெயரில் மட்டும் இரண்டும் அப்படியே நிற்கின்றன. திருத்துவதற்கு இதுவரை எவரும் முன்வரவில்லை.