தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார்

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் நம் பங்கு மக்கள் நாள்தோறும் போய் வருகின்றனர். அந்த ஊர்ப் பெயரிலுள்ள பரங்கி என்னும் சொல்லை நாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தின் உள்நாட்டில் நற்செய்தியின் வழியை அடைத்து நின்ற கல் அந்த ஒரு சொல்லே. அக்கல்லைப் புரட்ட முன்வந்தவர், நமக்கு அருகிலுள்ள மயிலாப்பூரில் உயிர் துறந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார். இவ்வாண்டு யூபிலி கொண்டாடும் நம் பங்கு மக்கள் அவரது வாழ்வை அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இதை எழுதுகிறோம்.

அடிகளார் 1577-ஆம் ஆண்டு இத்தாலியில் செல்வமும் செல்வாக்கும் மிக்க பிரபு குடும்பத்தில் பிறந்தார். புகழ்பெற்ற இறையியல் அறிஞரான கர்தினால் பெல்லார்மின் அவருடைய உறவினர். வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி இயேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1605-இல் கோவா வந்து இறங்கினார். முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் பயின்று, 1606-இல் மதுரை சேர்ந்தார்.

அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த குருவானவர் ஏற்கனவே 11 ஆண்டுகளாக உழைத்துக் கொண்டிருந்தார். ஊருக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவ உதவியும் தந்தார். மக்கள் அவரை மதித்தனர். மறையை ஏற்க மட்டும் ஒருவரும் வரவில்லை. காரணம் என்ன? போர்த்துக்கீசியரை மக்கள் பரங்கியர் என்றனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், ஆசாரமற்றவர் என்பதே அச்சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள். போதகர்களோ அதன் இழிவை உணராமல், ஞானஸ்நானம் கேட்டு வந்தவரிடம், பரங்கியர் மார்க்கத்தில் சேர விருப்பமா என்றே வினவி வந்தனர்! கிறிஸ்துவை ஏற்பதென்றால் தன் இனத்தையும் பண்பாட்டையும் துறப்பது என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

நொபிலி அடிகளார் இதைக் கண்டு உள்ளம் நொந்தார். மேலதிகாரிகளின் இசைவுடன் காவியுடுத்தி, பாதக்குறடு அணிந்து, நாளைக்கு ஒரு வேளை மரக்கறி உணவுடன் தமிழ்த் துறவியாகவே வாழத் தொடங்கினார். சிவதர்மர் என்னும் பிராமண அறிஞரிடம் வடமொழி கற்றார். ஐரோப்பியருள் அம்மொழியை ஆழ்ந்து கற்ற முதல்வர் இவரே என்பர். கற்பித்த ஆசிரியரே பின்னர் இவரிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. மக்கள் இவரைத் தத்துவ போதகர் என அழைத்தனர்.

அடிகளாரின் பெருந்தொண்டு அவர் எழுத்தில் விளங்குகிறது. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலான நூல்களைத் தமிழ் உரைநடையில் இயற்றினார். செய்யுளே நூலாக மதிக்கப்பட்ட காலம் அது. கடற்கரைக் கிறிஸ்தவர்களிடையே வழங்கிய போர்த்துக்கீசியச் சொற்களுக்கு மாற்றாக, கேட்பவர் நெஞ்சில் பதியும் சொற்களைத் தேடினார். மிசா என்ற சொல் தமிழ்க் காதில் மீசை என விழுந்தது. அடிகளார் அதனிடத்தில் பூசை என்ற சொல்லை அமர்த்தினார். இன்று திருப்பலி என்கிறோம். ஆயினும் பூசைக்கு நேரமாயிற்று என்று வீட்டிலுள்ள பாட்டி குரல் கொடுக்கும்போது, அடிகளாரின் உழைப்பு நம் காதில் ஒலிக்கிறது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. கடுமையான எதிர்ப்பு உடன் குருக்களிடமிருந்தே வந்தது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அனுமதித்து மறையைக் கெடுக்கிறார் என்று குற்றம் சாட்டினர். 1619-இல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பான்மையினர் அவருக்கு எதிராகவே நின்றனர். அடிகளார் கீழ்ப்படிதலை மீறவில்லை, உண்மையையும் கைவிடவில்லை. தம் நிலையை விளக்கி எழுதிவிட்டுப் பொறுமையோடு காத்திருந்தார். 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அதன்பின் சேந்தமங்கலம், சேலம், திருச்சி எனக் கால்நடையாகச் சென்று உழைத்தார். சிறைவாசமும் அனுபவித்தார். முதுமையில் கண்பார்வை மங்கிய நிலையில் யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அங்கே எளிய குடிசையில் வாழ்ந்து, 1656 சனவரி 16-ஆம் நாள் தமது 78-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பிரபு மாளிகையில் தொடங்கிய வாழ்வு கீரையும் சோறுமாய் நம் மண்ணில் நிறைவுற்றது.

திருச்சபை அவரைப் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தவில்லை. ஆனால் அவர் வெட்டிய பாதையில் நடந்த அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தி, 1947-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

குருமடத்தில் பயின்ற நாட்களில் நொபிலியின் பெயர் நமக்குத் தேர்வுக்குரிய பெயராகவே இருந்தது. பங்குப் பணிக்கு வந்த பின்னரே அவரது வெற்றியும் குறையும் நமக்கு விளங்கின. குறையையும் மறைக்காமல் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. பரங்கி என்ற சுவரை இடித்த அடிகளார், சாதி என்ற சுவரை இடிக்கவில்லை. தாம் பரங்கியர் அல்லர், உரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்தவர் என்றே மக்களுக்கு அறிவித்தார். உயர்சாதியினருக்கெனத் தனி ஆலயம் வைத்தார். சாதியை உலக வழக்கம் என்றே எண்ணினார். பின்னாளில், 1640 முதல், பிற குலத்தாரிடையே உழைக்கப் பண்டாரசாமிகள் வந்தனர். அப்போதும் பிரிவினை நீங்கவில்லை. அதன் வடு தமிழகத் திருச்சபையில், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும்கூட, இன்றும் காணப்படுகிறது.

நம் கரையான்சாவடியில் பல மாவட்டத்தாரும் பிழைப்புக்காக வந்து கலந்து வாழ்கிறோம். இங்கே அச்சுவர் இல்லை என்று நாம் எண்ணியிருந்தோம். ஆனால் வீடு மந்திரிக்கச் செல்லும்போது புதிதாக வந்த குடும்பத்தைப் பார்த்து, எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று கேட்கும் குரலைக் கேட்டிருக்கிறோம். நாமே அவ்வாறு கேட்டுவிட்டுப் பின்னர் நாணியதும் உண்டு. அந்தக் கேள்வி ஊரை அறிவதற்காக அன்று, தூரத்தை அளப்பதற்காக.

யூபிலி என்பது, பழைய ஏற்பாட்டின் வழக்கில், கட்டுண்டவர் விடுதலை பெறும் ஆண்டு. அன்பார்ந்த பங்கு மக்களே, அடிகளார் நம் மொழியில் நமக்கு இறைவனைத் தந்தார். அவர் செய்யாமல் விட்டதைச் செய்து முடிப்பது நம் கடமை. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் நம் பக்கத்தில் வந்து அமரும் புதியவரிடம் ஊரையும் உறவையும் விசாரியாமல், சகோதரமாய் வரவேற்போமாக. அதுவே தத்துவ போதகருக்கு நாம் செலுத்தும் நன்றிக் காணிக்கை. இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக!